மகளுக்கு எடுத்த படிப்பு மதிப்பீடு: 9,000 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

திருச்சியில் ஒரு தனியார் குழந்தை வளர்ச்சி மையத்தில் என் மூத்த மகளுக்கு இந்த வருடம் சைக்கோ எஜுகேஷனல் அசெஸ்மென்ட், அதாவது பிள்ளை படிப்பில் எங்கே, ஏன் திணறுகிறது என்று பார்க்கும் டெஸ்ட், எடுத்தோம். மொத்தம் 9,000 ரூபாய் ஆனது. கொடுத்த காசுக்குத் தகுமா என்றால், தகும். ஐந்துக்கு நான்கு போடுவேன். ஒன்று ஏன் குறைந்தது என்பதையும் சொல்லத்தான் போகிறேன், அதனால் மையத்தின் பெயரைப் போடவில்லை. எந்த ஊரில் எடுத்தாலும் என்ன கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்தால் போதும், பெயர் அவ்வளவு முக்கியமில்லை.

என்னைப் பற்றி ஒரு வரி. உறையூரில் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறேன். நாள் முழுக்க ரிப்போர்ட் அடித்துக் கொடுப்பதுதான் வேலை. அதனால் யாருடைய ரிப்போர்ட் கைக்கு வந்தாலும் கண் தானாக மூன்று இடத்துக்குப் போகும். எந்த முறையில் அளந்தார்கள், இயல்பு அளவு எங்கிருந்து எங்கே வரை, கையெழுத்துப் போட்டவருக்கு அதற்கான தகுதி உண்டா. மகளுடைய ரிப்போர்ட்டையும் அதே கண்ணோடுதான் பார்த்தேன்.

மகள் நான்காம் வகுப்பு, சிபிஎஸ்இ, இங்கிலீஷ் மீடியம். வாயால் கேட்டால் செடி எப்படிச் சாப்பாடு தயாரிக்கிறது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். அதே கேள்வி பரீட்சைத் தாளில் வந்தால் இரண்டு சொல் எழுதியிருப்பாள், அதிலும் ஒன்று அடித்துத் திருத்தியதாக இருக்கும். வகுப்பு மிஸ் கவனம் போதவில்லை என்றார். டியூஷன் அக்கா தினமும் ஒரு பக்கம் எழுதினால் சரியாகிவிடும் என்றார். என் மாமியார் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். கடைசியில் பள்ளிக் கவுன்சிலர்தான் அசெஸ்மென்ட் எடுத்து வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

முதலில் வேறொரு இடத்துக்குப் போனோம். ஐக்யூ டெஸ்ட் 1,500 ரூபாய் என்று வாசலிலேயே போர்டு. ஒரு படத்தில் ஒரு துண்டு விடுபட்டிருக்கும், கீழே உள்ள ஆறு துண்டுகளில் சரியானதைக் காட்ட வேண்டும். ராவன் மெட்ரிசஸ் என்று பெயர். மொழியே தேவைப்படாமல் யோசிக்கும் திறனைப் பார்க்கிற நல்ல டெஸ்ட்தான். ஆனால் வாசிக்கத் திணறுகிற பிள்ளைக்கு அதை மட்டும் வைத்துவிட்டு, அரைப் பக்கத்தில் ‘அறிவுத்திறன் இயல்பு, முயற்சி தேவை’ என்று எழுதிக் கொடுத்தார்கள். தைராய்டு சந்தேகத்தில் வந்தவருக்குச் சர்க்கரை மட்டும் பார்த்து நார்மல் என்று அனுப்பி வைத்த மாதிரி. பள்ளியில் அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டார்களே தவிர, அதை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை.

இரண்டாவது இடத்தை விசாரித்துத்தான் தேர்ந்தெடுத்தோம். இந்த மாதிரி டெஸ்ட் எடுக்கும் உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக நம் நாட்டில் தொழில் செய்ய ஆர்சிஐ எனும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த அமைப்பு அது. போனில் பதிவு எண்ணைக் கேட்டேன். ரிசப்ஷன் பெண் ஒரு நொடி கூட யோசிக்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கவுன்சிலின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் பெயர் வருகிறது. எண்ணைக் கேட்டதும் முகம் சுளிக்கிற இடமாக இருந்தால் அடுத்த இடம் பாருங்கள்.

முதல் சந்திப்பில் பிள்ளையை எதுவும் செய்யவில்லை, எங்கள் இருவரைத்தான் உட்கார வைத்தார்கள். பிறந்ததும் அழுதாளா, மஞ்சள் காமாலை வந்ததா, ஃபிட்ஸ் உண்டா, எப்போது நடந்தாள், எப்போது இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசினாள், ராத்திரி நன்றாகத் தூங்குவாளா. குடும்பத்தில் யாருக்காவது படிக்கச் சிரமம் இருந்ததா என்று கேட்டபோது மனைவி என்னைப் பார்த்தாள். என் தம்பி ஏழாம் வகுப்போடு நின்றவன். இன்றைக்கு அரியமங்கலத்தில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறான், ஆனால் பேப்பர் வாசிக்கச் சொன்னால் கண்ணாடி கொண்டு வரவில்லை என்பான். வாசிப்புச் சிரமம் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது என்று சைக்காலஜிஸ்ட் மேடம் குறித்துக்கொண்டார். போன வருட நோட்டுப் புத்தகங்கள் எல்லாவற்றையும் கொண்டு வரச் சொன்னார். கண், காது இரண்டையும் சோதித்த சீட்டு இல்லாமல் டெஸ்ட் தேதியே தர மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். அந்த இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. பழைய இடத்து அரைப் பக்கத் தாளையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். எந்த டெஸ்ட், எந்தத் தேதி என்று தெரிய வேண்டுமாம். ஒரே டெஸ்ட்டைச் சீக்கிரத்தில் மறுபடி வைத்தால் பழக்கத்தினாலேயே மதிப்பெண் கூடிவிடும் என்றார்.

டெஸ்ட் ஒரே மூச்சில் நடக்கவில்லை, பிரித்து வைத்தார்கள். பாப்பாவுக்குக் கூச்சம் தெளியும்வரை நீங்களும் இருக்கலாம் சார், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்று என்னைப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார். கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். சொல்லிக் கொடுத்துக் கூட்டி வரும் பெற்றோரும் இருக்கிறார்களாம், கேள்வி வெளியே போய்விட்டால் டெஸ்ட் செத்துவிடும். அதனால் இங்கே நான் விவரிப்பது டெஸ்ட்டின் வகையை மட்டும்.

சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அட்டையில் உள்ள கோலத்தைப் பார்த்து அடுக்கும் டெஸ்ட் ஒன்று. மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு படபடவென்று அடுக்கினாள். மேடத்தின் இடது கையில் ஸ்டாப்வாட்ச், மேசை விளிம்புக்குக் கீழே, பிள்ளையின் கண்ணில் படாமல். முடிந்ததும் நேரத்தைக் குறித்ததோடு நிற்காமல், ஓரத்தில் ஒரு வரியும் எழுதினார். பிறகு ரிப்போர்ட்டில் படித்தபோதுதான் அது என்ன என்று தெரிந்தது: ‘முதலில் மூலைகளை வைக்கிறாள், தவறினால் தானே கலைத்துத் திரும்ப அடுக்குகிறாள்.’ அடுத்தது எண்கள். மேடம் சீராக, ஏற்ற இறக்கம் இல்லாமல் எண்களைச் சொல்வார், அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அது சரியாக வந்தது. பின்னாலிருந்து முன்னால் சொல்லச் சொன்னதும் திணறல். மூன்று எண் வரை வந்தாள். நான்காவது சேர்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மேசை மேல் விரலால் எழுதிப் பார்த்தாள், அதற்குள் முதல் எண் மறந்து போயிருந்தது. அவள் விரலைப் பார்த்துக்கொண்டே மேடம் ஏதோ எழுதினார். எனக்கு எழுந்து போய்ச் சொல்லிக் கொடுக்க வேண்டும் போல் இருந்தது. அப்புறம் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு உள்ளே நடந்ததை அவள் வாயாலும் ரிப்போர்ட்டாலும்தான் தெரிந்துகொண்டேன். எண்ணுக்கு எண் வேறு வேறு குறி, வேகமாக எழுத வேண்டும். பக்கம் நிறைய எண்கள், சொன்ன எண்ணை மட்டும் அடித்துக்கொண்டே போக வேண்டும். கொஞ்ச நேரம் பார்த்த படத்தை நினைவிலிருந்து வரைய வேண்டும். பின்பு வாசிப்பு. இதுதான் முக்கியமான இடம். இங்கிலீஷில் அர்த்தமே இல்லாத, உச்சரிக்க மட்டும் முடிகிற சொற்களைக் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். தெரிந்த சொல்லாக இருந்தால் உருவத்தை மனப்பாடம் செய்து ஒப்பேற்றிவிடலாம், அர்த்தமில்லாத சொல்லை எழுத்துக்கு எழுத்து ஒலி கூட்டித்தான் படித்தாக வேண்டும். மகள் அதில்தான் மாட்டிக்கொண்டாள். வீட்டில் ஹார்ஸ் என்று இருப்பதை ஹவுஸ் என்று படிப்பாள், பக்கத்தில் குதிரைப் படம் இருந்தால் மட்டும் சரியாக வரும். இத்தனை நாள் அவள் வாசித்ததில் பாதி ஊகம்தான் என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

தமிழிலும் பார்த்தது எனக்குப் பிடித்தது. பல இடங்களில் இங்கிலீஷோடு நிறுத்திவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இங்கே மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தி வாசிக்க வைத்து, பத்துப் பதினைந்து சொல் எழுதவும் வைத்தார்கள். கோழியைக் கொளி என்று எழுதியிருந்தாள். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வித்தியாசமே கையில் நிற்கவில்லை. ல, ள, ழ குழப்பம் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு உண்டு, அதை மட்டும் வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது; குறிலும் நெடிலும் சேர்ந்து தொடர்ந்து தவறினால்தான் யோசிக்க வேண்டும் என்று மேடம் விளக்கினார். இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி சிரமம் என்றால் இங்கிலீஷ் மீடியத்தின் மேல் பழி போட முடியாது. எங்கள் வீட்டில் நாலு வருடமாக நடந்த மீடியம் சண்டை அந்த ஒரு பத்தியில் முடிந்தது.

இப்போது என் தொழில் புத்தி. என்ன கருவி வைத்து அளந்தீர்கள் என்று கேட்டேன். புத்திக்கு மிசிக், படிப்புக்கு நிம்ஹான்ஸ் பேட்டரி, அதாவது பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய டெஸ்ட் தொகுப்பு. மிசிக் என்பது வெக்ஸ்லர் என்ற உளவியலாளரின் அமெரிக்க ஐக்யூ டெஸ்ட்டை 1960களில் நாக்பூரில் மாலின் என்பவர் இந்தியப் பிள்ளைகளுக்காக மாற்றியமைத்தது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய பிள்ளைகளை வைத்து எடுத்த அளவுகோல். பழைய அளவுகோலில் இன்றைய பிள்ளையை அளந்தால் எண் உயர்ந்தே வரும். நியூசிலாந்தில் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் ஃப்ளின் 1980களில் நாடு நாடாகக் கணக்குப் போட்டுக் காட்டியது இது. வெக்ஸ்லர் டெஸ்ட்டின் நான்காம் பதிப்பே இந்தியாவுக்கென்று தனியாக அளவெடுத்து வந்திருக்கிறதே, அதை ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். மேடம் மழுப்பவில்லை. அது எங்களிடம் இருக்கிறது சார், விலை அதிகம், கட்டணமும் கூடும். மிசிக்கை அரசாங்க வழிகாட்டுதலே ஏற்றுக்கொள்கிறது, நமக்கு இங்கே மொத்த எண் முக்கியமில்லை, உள்ளே இருக்கிற ஏற்ற இறக்கம்தான் முக்கியம் என்றார். சரி, நியாயம்தான். ஆனால் இரண்டு வகையும் உண்டு, இன்ன விலை என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

ரிப்போர்ட் ஆறு பக்கம். மொத்த ஐக்யூ 107. சராசரி 100 என்றால் 90 முதல் 109 வரை நடுத்தரம். அதோடு நிறுத்தியிருந்தால் பழைய அரைப் பக்கத் தாளுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. இதில் உள்ளே பிரித்திருந்தார்கள். சொல்வளம், இரண்டு பொருளுக்கு உள்ள ஒற்றுமையைச் சொல்வது, பொது அறிவு எல்லாம் வயதுக்கு மேலே. எண்களைத் தலைகீழாகச் சொல்வதும் குறி எழுதும் வேகமும் வயதுக்கு நன்றாகக் கீழே. மேலே உள்ளதும் கீழே உள்ளதும் கூட்டி வகுத்தால் 107 வருகிறது. அந்த 107 என்கிற பிள்ளை எங்கள் வீட்டில் இல்லை. படித்துக் காட்டினால் ஐந்தாம் வகுப்புப் பாடத்தையும் புரிந்துகொள்கிறாள், தானே படித்தால் இரண்டாம் வகுப்புப் பாடம்தான் வருகிறது. எழுத்துக் கூட்டி எழுதுவது அதைவிடக் கீழே. கணக்கை வாயால் சொன்னால் போடுகிறாள், அதே கணக்கை வாசித்துப் போடச் சொன்னால் விட்டுவிடுகிறாள். முடிவு: குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, வாசிப்பிலும் எழுத்திலும். நம் ஊரில் டிஸ்லெக்ஸியா என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். கவனச் சிதறலும் இருக்கிறதா என்று தனியாகப் பார்த்து, நானும் வகுப்பு மிஸ்ஸும் தனித்தனியே நிரப்பிய படிவங்களையும் ஒப்பிட்டு, அது இல்லை என்று காரணத்தோடு எழுதியிருந்தார்கள். எது இல்லை என்றும் எழுதுகிற ரிப்போர்ட்டைத்தான் நான் மதிப்பேன்.

ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பாமல், ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்து விளக்கினார்கள். முழுக்கத் தமிழில். மனைவி கேட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் மகளின் நோட்டிலிருந்தே பக்கத்தைத் திருப்பிக் காட்டிப் பதில் சொன்னார் மேடம். கடைசியில் மகளையும் உள்ளே கூப்பிட்டு, உனக்கு எது சுலபமாக வருகிறது, எதற்குக் கூட நேரம் வேண்டும் என்று அவளிடமே சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அந்தக் கட்டையை இன்னொரு தடவை தருவீர்களா ஆன்ட்டி என்று கேட்டாள்.

பரிந்துரைப் பக்கம்தான் இதில் உண்மையான சரக்கு. ‘தனிக் கவனம் தேவை’ என்று பொத்தாம் பொதுவாக ஒரு வரி கூட இல்லை. கேள்வித் தாளை ஒரு முறை வாசித்துக் காட்ட வேண்டும். அறிவியல், சமூக அறிவியல் தாளில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. போர்டைப் பார்த்து எழுத வைப்பதற்குப் பதில் அச்சடித்த குறிப்பு கொடுக்கலாம். முன்கூட்டிச் சொல்லாமல் வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொல்லக் கூடாது. இரண்டு மூன்று வேலைகளை ஒரே மூச்சில் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். வாரத்தில் நாலு நாள், எழுத்தையும் ஒலியையும் கண், காது, கை மூன்றாலும் சேர்த்துப் பழக்குகிற சிறப்புப் பயிற்சி. பள்ளி இதில் முக்கால்வாசியை மறுநாளே ஒப்புக்கொண்டது. குறிப்பு அச்சடித்துக் கொடுப்பது மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. சமூக அறிவியல் மிஸ் இப்போது வாய்மொழித் தேர்வும் வைக்கிறார், அதில் மகள் எடுத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அவரே போன் செய்தார்.

தேர்வுச் சலுகைகளுக்கான மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் விஷயத்தில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். தனியார் மையத்தின் ரிப்போர்ட் சான்றிதழ் ஆகாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. சான்றிதழ் தருவது அரசு மருத்துவமனைக் குழு. 2018இல் வந்த வழிகாட்டுதலில் எட்டு வயதுக்கு மேல்தான் தருவார்கள், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பார்ப்பார்கள், 18இல் தருவது ஆயுளுக்கும் செல்லும் என்று இருந்தது; 2024இல் புது வழிகாட்டுதல் வந்திருக்கிறது. சிபிஎஸ்இ பொதுத் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் வீதம், மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். சொல்வதைக் கேட்டு எழுத ஆள், மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு எல்லாம் விதியில் உண்டு. மாநிலப் பாடத்திட்டத்திலும் டிஸ்லெக்ஸியா பிள்ளைகளுக்குச் சலுகைகள் இருக்கின்றன. இதையெல்லாம் மையத்தில் எழுதியே கொடுத்தார்கள். கடைசி நேரத்தில் பத்தாம் வகுப்பில் ஓடுவதைவிட இப்போதே வரிசையில் நிற்பது மேல்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நியூரோசைக்காலஜி டெஸ்ட்டும் இதுவும் ஒன்றா என்று லேபுக்கு வருகிறவர்களே கேட்கிறார்கள். மகளுக்கு எடுத்தது படிப்பை மையமாக வைத்தது. மற்றது மூளையின் வேலையை முழுசாகப் பிரித்துப் பார்ப்பது: நினைவு, கவனம், வேகம், திட்டமிடுவது, மொழி, இடம் திசை உணர்வு. தலையில் அடி, வலிப்பு, பக்கவாதம், வயதானவர்களின் மறதி மாதிரி விஷயங்களுக்கு அதுதான். என் மச்சான் ஒருவர் பைக் விபத்தில் தலையில் அடிபட்டவர். சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனால் ஜவுளிக்கடைக் கேஷ் கவுண்டரில் தினமும் கணக்கு உதைத்தது. வீட்டில் நடிக்கிறான் என்றுகூடப் பேசினார்கள். பெங்களூரில் வைத்து டெஸ்ட் எடுத்தார்கள். அதில் ஒன்று, 15 சொற்களை வாசித்துக் காட்டித் திருப்பிச் சொல்ல வைப்பது; அதே பட்டியலை ஐந்து முறை. ஐந்தாவது முறையில் மச்சான் ஏறக்குறைய எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நடுவில் வேறொரு பட்டியலைக் கொடுத்து, அரை மணி நேரம் வேறு வேலை வைத்து, பழையதைக் கேட்டால் நாலைந்துதான் மிச்சம். ஏற்றுகிறது, வைத்திருக்கத் தெரியவில்லை. இடையூறு வந்தால் அழிந்துவிடுகிறது. கேஷ் கவுண்டரில் நடந்ததும் அதேதான். ரிப்போர்ட்டைப் பார்த்த முதலாளி அவரைக் குடோன் ஸ்டாக் ரிஜிஸ்டருக்கு மாற்றினார், அங்கே எழுதி எழுதித்தான் வேலை. இரண்டு வருடமாக அங்கேயே இருக்கிறார். ஸ்கேன் மூளையின் உருவத்தைக் காட்டும், அந்த மூளையோடு ஒருவர் நாளை எப்படி ஓட்டுகிறார் என்பதை இந்த டெஸ்ட்தான் காட்டும்.

சரி, குறைகளுக்கு வருவோம். ரிப்போர்ட்டுக்குச் சொன்ன தேதி தாண்டி நாங்கள் திரும்பத் திரும்பப் போன் செய்ய வேண்டியிருந்தது. பள்ளியில் தேதி கேட்கிறார்கள் என்ற பதற்றத்தில் இருக்கும் பெற்றோருக்கு இது பெரிய விஷயம். ரிப்போர்ட் இங்கிலீஷில் மட்டும்தான். வாயால் அவ்வளவு அழகாகத் தமிழில் சொல்லத் தெரிந்தவர்கள், பரிந்துரைப் பக்கத்தையாவது தமிழில் அடித்துத் தரலாம்; டியூஷன் அக்காவுக்கு நான்தான் உட்கார்ந்து மொழிபெயர்த்து எழுதிக் கொடுத்தேன். மதிப்பெண்களுக்குப் பக்கத்தில் பிழை எல்லை எங்குமே போடவில்லை. 107 என்றால் எதிலிருந்து எது வரை? எந்த அளவுக்கும் கொஞ்சம் முன்னே பின்னே உண்டு, லேபில் அதைச் சொல்லாமல் விட்டால் டாக்டர்கள் என்னைக் கேட்பார்கள். இங்கே கேட்க ஆளில்லை.

எனக்குப் பிடிக்காத இன்னொரு விஷயம், விளக்கம் முடிந்த கையோடு ரிசப்ஷனில் நீட்டிய பயிற்சிப் பேக்கேஜ் தாள். அதே மையத்திலேயே, மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி. கண்டுபிடித்தவரே மருந்தும் விற்றால் மனசு உறுத்தத்தான் செய்யும். மேடத்திடமே நேரடியாகக் கேட்டேன். வெளியே எங்கே வேண்டுமானாலும் போகலாம் சார், இந்த முறையில் பயிற்சி பெற்ற சிறப்பு ஆசிரியராக இருந்தால் போதும் என்று சொல்லி, அதை ரிப்போர்ட்டிலும் ஒரு வரியாகச் சேர்த்தார். நாங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒருவரைப் பிடித்துக்கொண்டோம். காத்திருக்கும் கூடத்தில் டிவி சத்தம் தாங்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கவனத்தைச் சோதிக்கும் இடத்தில் கார்ட்டூன் அலறுவது என்ன கணக்கோ.

எல்லோரும் ஓட வேண்டியதில்லை. பிள்ளை இந்த வருடம்தான் பள்ளியோ மீடியமோ மாறியிருந்தால் கொஞ்சம் பொறுக்கலாம். யுகேஜி பிள்ளை எழுத்தைத் திருப்பி எழுதுகிறது என்பதற்காக டிஸ்லெக்ஸியா டெஸ்ட் கேட்டுப் போக வேண்டாம், அந்த வயதில் அது சகஜம். ஆனால் பேச்சே தாமதமாக வந்தது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் வயதைப் பார்த்துக் காத்திருக்கவும் கூடாது, அதற்கு வேறு மதிப்பீடுகள் உண்டு. காசு இடிக்கிறது என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, பிள்ளைகளின் வளர்ச்சிச் சிரமங்களைச் சீக்கிரமே பார்க்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமான நிப்மெட் இருக்கிறது. டிஸ்லெக்ஸியாவுக்கென்றே 1990களிலிருந்து வேலை செய்யும் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷனும் இருக்கிறது. அரசு இடங்களில் கூட்டம் அதிகம், தேதி தள்ளிப் போகும், அதற்குத் தயாராகப் போங்கள்.

முன்பதிவு செய்யும்போதே மூன்றைக் கேட்டுவிடுங்கள்: எந்தெந்த டெஸ்ட், ரிப்போர்ட்டில் பள்ளிக்கான பரிந்துரை தனியாக வருமா, விளக்கிச் சொல்லும் சந்திப்பு கட்டணத்தில் அடங்குமா. மூன்றாவதற்கு இல்லை என்று சொன்னால் அந்த இடம் வேண்டாம். காலை நேரமாக வாங்குங்கள், பள்ளி முடிந்து களைத்து வந்த பிள்ளையை உட்கார வைத்தால் களைப்பைத்தான் அளப்பார்கள். சளி, காய்ச்சல் இருந்தால் தேதியை மாற்றுங்கள், எங்கள் மையத்தில் அதற்குக் கட்டணம் பிடிப்பதில்லை. நன்றாகச் சாப்பிட வைத்து, தண்ணீரும் அவளுக்குப் பிடித்த தின்பண்டமும் கையில் கொண்டு போங்கள். அங்கே பக்கத்தில் ஒரு டீக்கடையைத் தவிர எதுவும் கிடையாது.